ஒத்த புள்ளி

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
மஞ்சக்குட்டையில் நான் இறங்கியபோது
பனி எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது.
அஸ்தம்பட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த
கோணம் அளக்கும் கருவி
பத்தடிக்கு அப்பால் எதையும் பார்க்க மறுத்தது.
பெட்டியை மூடினேன்.
இன்றைக்குக் கோணம் கிடையாது.
நாடா உண்டு, ஒரு சுருள் கயிறு உண்டு.

சாமை அறுத்த காடு. லேசான சரிவு.
உச்சியில் ஒரு பாறை, அடியில் ஒற்றையடிப் பாதை.
பாறையிலிருந்து இறங்கும் ஓர வேலிகள் இரண்டும்
நாற்பது மீட்டர், நாற்பது மீட்டர்.
பாகம் பிரிக்க வேண்டியவர்கள்
செங்கோடன், தங்கை மாராயி.

முளையை அவரே அடித்து வைத்திருந்தார்.
"பாறையிலிருந்து இந்த முளைக்கு
நேரா வேலி போட்டுரலாங்க.
ஓர வேலி ரெண்டும் ஒரே நீளம்.
கீழ் மூலை ரெண்டும் ஒரே கோணம்.
நடு வேலி ரெண்டு பேருக்கும் பொது.
மூணு சமம் ஆச்சுங்களா?
மூணு இருந்தா போதும்னுதான்
பத்தாவதுல எங்களுக்குச் சொன்னாங்க."

மூன்றும் உண்மை.
ஒவ்வொன்றின் கீழும் நானே கையெழுத்துப் போடுவேன்.
இரண்டு பக்கம், ஒரு கோணம்.
ஆனால் அந்தக் கோணம்
இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்காரவில்லை,
மூலையில் நின்று வேடிக்கை பார்க்கிறது.
பரீட்சைத் தாளில் இதைத்தான்
ப-கோ-ப என்று அவசரமாய் எழுதி
பாதி சேலம் ஜில்லா மதிப்பெண் இழக்கிறது,
நானும் ஒரு வருடம் இழந்திருக்கிறேன்.

மாராயி ஒன்றும் பேசவில்லை.
கயிற்றில் விழுந்த சிக்கலை
நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நுனியைப் பாறையில் கட்டினோம்.
மறு நுனி முளைவரை, விறைப்பாக.
அங்கே ஒரு முடிச்சு.
பிறகு முடிச்சைப் பிடித்துக்கொண்டு
அண்ணன் பக்கமாக நடந்தேன்.
கயிறு பாதையைத் தாண்டி இரண்டடி போயிற்று,
வளைந்து திரும்பி
மறுபடியும் பாதையைத் தொட்டது.

"அதே கயிறு, அதே மூலைங்க.
அங்க ஒரு வேலி, இங்க ஒரு வேலி.
எது உங்க வேலி?"

செங்கோடன் முளையைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார்.
நடுவில் பன்னிரண்டு மீட்டர் பனி.

அப்படியானால் எந்த விதி?
உச்சிக் கோணத்தைப் பாதியாக்கினால் ப-கோ-ப நிற்கும்;
கோணம் பெட்டிக்குள் தூங்குகிறது.
பாதைக்குச் செங்குத்து இறக்கினால்
செங்கோணம், கர்ணம், பக்கம்;
மூலைமட்டத்தை வேனிலேயே விட்டுவிட்டேன்.
எந்த விதி அழகு என்று
மலையில் யாரும் கேட்பதில்லை.
கைக்கு எட்டுவது எது என்பதுதான் கேள்வி.

அடியை அளந்தோம். நாற்பத்தெட்டு.
இருபத்து நாலில் புது முளை.
ஓரம் ஓரத்துக்குச் சமம்,
பாதி பாதிக்குச் சமம்,
நடு வேலி தனக்குத்தானே சமம்.
ப-ப-ப.
குறிப்பேட்டில் காரணம் என்ற இடத்தில்
மூன்றே எழுத்து. ஈரத்தில் மை கொஞ்சம் ஊறியது.

அப்போதுதான் மாராயி நடந்து போய்
இருபத்தெட்டாவது மீட்டரில் குனிந்தாள்.
பாசிக் கல்லை நகர்த்தி
இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளி முகம் கழுவினாள்.
பழைய முளைக்கு உள்ளே இருந்த சுனை
புது முளைக்கு வெளியே இருந்தது.

செங்கோடன் வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"ஒண்ணை மடிச்சா இன்னொண்ணு மேல
அச்சா உட்காரும்னீங்களே.
அப்ப அந்தச் சுனை
என் பக்கத்துல எங்க வந்து விழும்?"

நியாயமான கேள்வி.
நாடா பிடித்துக் காட்டினேன்:
நடு முளையிலிருந்து நாலு மீட்டர் இந்தப் பக்கம்.
காய்ந்த சாமைத் தாள், ஒரு எறும்புப் புற்று.

நான் கயிற்றைச் சுருட்டிக் கிளம்பும்போது
அவர் மண்வெட்டி எடுக்கப் போயிருந்தார்.